ரா-வா, க்யூகவ்2-வா? முதலில் பஸ்ஸைப் பாருங்கள்

பெருங்குடியில் ஒரு சின்ன அலுவலகம். ஒரே சர்வர், அதில் கே.வி.எம் (லினக்ஸில் ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் வசதி) போட்டு நாலு விர்ச்சுவல் மெஷின். கணக்கு சாஃப்ட்வேர் ஓடும் விண்டோஸ் மெஷினில் ஒரு பில்லைத் திறக்கச் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய் வரலாம். "இமேஜை க்யூகவ்2-லேர்ந்து ரா-வுக்கு மாத்திடலாமா சார்?" என்றார் அங்கிருந்த தம்பி. இமேஜ் என்றால் விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க்காக இருக்கும் ஃபைல்; ரா, க்யூகவ்2 இரண்டும் அதன் வடிவங்கள். செட்டிங்கைத் திறந்து பார்த்தால் டிஸ்க் ஐடிஇ பஸ்ஸில் கிடக்கிறது. பஸ் என்பது டிஸ்க்கை மெஷினோடு இணைக்கும் வழி.

ஐடிஇ என்றால், இல்லாத ஒரு பழைய கன்ட்ரோலரை க்யூஎமு (கே.வி.எம்மோடு சேர்ந்து வன்பொருளாக நடிக்கும் சாஃப்ட்வேர்) அப்படியே நடித்துக் காட்டுகிறது. ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்தது. விர்ச்சுவல் மெஷினுக்கென்றே உருவான விர்ட்டையோ பஸ்ஸில் இந்த நாடகம் கிடையாது. கெஸ்ட் (உள்ளே ஓடும் மெஷின்), ஹோஸ்ட் (அதைச் சுமக்கும் சர்வர்) இரண்டுக்கும் பொதுவான நினைவகத்தில் வேலைகளைக் கொத்தாக வரிசையில் போட்டுவிடலாம். இதற்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலில் 2008-லிருந்தே இருக்கிறது. விண்டோஸில்தான் வம்பு: டிரைவர் இல்லாமல் பூட் டிஸ்க்கை மாற்றினால் நீலத்திரைதான். 1 ஜிபியில் ஒரு சும்மா டிஸ்க்கை விர்ட்டையோவில் சேர்த்து, பூட் செய்து, டிரைவரைப் போட்டுவிட்டு, அப்புறம் பூட் டிஸ்க்கை மாற்றுங்கள்.

விர்ட்டையோவிலேயே டிஸ்க்கை இணைக்க இரண்டு வகை: பிளாக்கா, ஸ்கஸியா? ஓரிரு டிஸ்க்குக்கு பிளாக் போதும். டஜன் கணக்கில் என்றால் ஸ்கஸி.

சரி, தம்பியின் கேள்வி. க்யூகவ்2 வழக்கமாக 64 கேபி துண்டுகளாக இடம் ஒதுக்கும். எந்தத் துண்டு எங்கே என்று ஒரு அட்டவணையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். புது இடத்தில் முதல்முறை எழுதும்போதுதான் ரா-வுடன் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைப்பது) வேண்டுமென்றால் நான் க்யூகவ்2-வை விடமாட்டேன். பெரிய டேட்டாபேஸ் மட்டும் என்றால் எல்விஎம் (லினக்ஸில் டிஸ்க்கைப் பங்கு பிரிக்கும் வசதி) மேல் ரா.

அடுத்தது கேஷ் செட்டிங், அதாவது டேட்டாவை ரேமில் தற்காலிகமாக வைக்கும் முறை. அதில் ரைட்பேக் வேகமாகத் தெரியும். ஆனால் ஒரே டேட்டாவை ஹோஸ்டும் கெஸ்டும் ரேமில் தனித்தனியாக வைத்துக்கொள்ளும். ஃப்ளஷ் ஆகாதது, அதாவது டிஸ்க்கில் இன்னும் எழுதி முடிக்காதது, கரண்ட் போனால் போச்சு. 'நன்' (none) என்று வைத்தால் ஹோஸ்ட் கேஷைத் தாண்டி நேராக டிஸ்க்குக்குப் போகும். டிசம்பர் மழையில் யுபிஎஸ் பேட்டரி கைவிட்டதைப் பார்த்தவன் நான். என் ஓட்டு நன்-னுக்கு. 'அன்சேஃப்' ஃப்ளஷையே கண்டுகொள்ளாது, சோதனைக்கு மட்டும்.

ஹோஸ்டில் சுற்றும் ஹார்ட் டிஸ்க் இருந்து, நாலு மெஷினும் அதை நாலு பக்கம் இழுத்தால் இதெல்லாம் ஓரளவுக்குத்தான். ரிச்சி தெருவுக்குப் போய் எஸ்எஸ்டி வாங்கிவிடுங்கள். பெருங்குடியில் அதற்கு அவசியம் வரவில்லை. பஸ்ஸும் கேஷும் மாற்றியதோடு சரி. இமேஜ் இன்னும் க்யூகவ்2-தான்.