பழைய காலத்துப் படமா, பழசாகிப் போன படமா?

பின்-அப் பாணியில், அதாவது அந்தக் காலத்தில் சுவரில் குத்தி வைத்த குறும்பான அழகிப் படங்கள் போல, ஒரு போர்ட்ரெயிட் வேண்டும் என்று யாராவது கேட்டால், நம்மில் பாதிப் பேர் முதலில் எடிட்டிங் மென்பொருளான லைட்ரூமைத் திறந்து 'விண்டேஜ்' என்று பெயர் போட்ட ஒரு பிரிசெட்டை (தயார் அமைப்பை) தட்டுவோம். கறுப்பு சாம்பலாகும், வெள்ளை மஞ்சளாகும், மேலே நாலு கீறலும் கிரெயினும் (பிலிமின் மணல் போன்ற புள்ளிகளும்) விழும். நானும் பல வருஷம் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படை முகாம் சுவரில் அந்தப் படத்தைக் குத்தி வைத்த சிப்பாய் பார்த்தது மங்கிப்போன படத்தை இல்லை. அவன் கையில் இருந்தது புத்தம் புது அச்சு.

சந்தேகம் இருந்தால் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் கிடைக்கும் 1940களின் கோடாக்ரோம் (கோடாக்கின் வண்ண பிலிம்) படங்களைப் பாருங்கள். 1942இல் ஆல்ஃபிரட் பாமர் எடுத்த விமானத் தொழிற்சாலைப் பெண்கள் இருக்கிறார்கள். கறுப்பு கறுப்பாகவே இருக்கும். உதட்டுச் சிவப்பு நேற்றுப் பூசியது போல இருக்கும். கிரெயினைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆக, பிரிசெட் தருவது ஒரு காலத்தின் தோற்றம் இல்லை, அட்டைப்பெட்டியில் கிடந்து கெட்டுப்போன அச்சின் தோற்றம். அது வேண்டுமென்றால் தாராளமாகப் போடலாம். பின்-அப் மட்டும் அது இல்லை.

சரி, அப்படியானால் எதைப் பின்பற்றுவது? ஒரே தோழியை, சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட ஒரே சட்டையில், ஒரே நாளில் மூன்று விதமாக எடுத்துப் பார்த்தேன். ஒன்று ஹாலிவுட் நட்சத்திரங்களைப் படமெடுத்த ஜார்ஜ் ஹரல் போன்ற கறுப்பு வெள்ளை. இன்னொன்று பின்-அப் புகைப்படக்காரர் பன்னி யேகர் போன்ற வெயில் படம். மூன்றாவது கில் எல்வ்கிரன் தீட்டிய காலண்டர் ஓவியத்தின் சாயல்.

ஹரல் பாணிதான் இருப்பதிலேயே சுலபம். ஒரே ஒரு கடினமான லைட், முகத்துக்கு நேர் மேலே, மூக்கின் நிழல் மேலுதட்டைத் தொடாத உயரத்தில். குடை, சாஃப்ட்பாக்ஸ் எதுவும் வேண்டாம். பிளாஷ் வாயில் ஒரு கிரிட் (வெளிச்சம் பரவாமல் தடுக்கும் தேன்கூடு போன்ற மூடி) மாட்டினால் போதும். 1930இல் எம்ஜிஎம் ஸ்டூடியோவில் சேர்ந்த ஹரல் நடிகைகளுக்கு கனமான மேக்கப் போட விடமாட்டார். தோல் மினுங்க வேண்டும். மீதியை நெகட்டிவ் மேல் பென்சிலால் சரி செய்வார்கள். ஜோன் கிராஃபோர்டின் முகத்துப் புள்ளிகளெல்லாம் அப்படித்தான் காணாமல் போயின. நம்மூர் பழைய ஸ்டூடியோக்களில் 'டச்சிங்' என்று சொல்வார்களே, அதே வேலைதான்.

இதில் ஒரு குழி இருக்கிறது. அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, அதனால் உதடு கருத்து விழும். அதே மாதிரி வர எடிட்டிங்கில் சிவப்பு, ஆரஞ்சு ஸ்லைடர்களை இறக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. மாநிறத் தோலில் அதை அப்படியே செய்தால் முகம் கரி பூசியது போல ஆகிவிடும், பருத் தழும்பெல்லாம் எழுந்து நிற்கும். சிவப்பை மட்டும் கொஞ்சம் இறக்கி, ஆரஞ்சைத் தொடாமல் விடுங்கள். உதடு கருக்கும், கன்னம் தப்பிக்கும். ஆனால் ஒன்று: இப்படி வரும் படம் அழகாக இருக்கும், கம்பீரமாகக்கூட இருக்கும். ஆனால் அது சினிமா நட்சத்திரப் படம். பின்-அப்பின் குறும்பு அதில் வராது.

குறும்பு வந்தது மொட்டை மாடியில். பன்னி யேகர் மயாமிக்காரர், மாடலாக இருந்து கேமராவைக் கையில் எடுத்தவர். 1954இல் பின்-அப் மாடல் பெட்டி பேஜை எடுத்த படங்கள்தான் அவரை ஊருக்குத் தெரிய வைத்தன. மாடல்களுக்கான உடைகளைக் கூட அவரே தைப்பார். கொளுத்தும் வெயிலுக்குப் பயப்படாமல், கண்குழி நிழலை பிளாஷ் அடித்து நிரப்பியதுதான் அவருடைய சூட்சுமம். அன்றைய கோடாக்ரோமின் வேகம் (இன்றைய ஐஎஸ்ஓ எண் போல) வெறும் 10. அதற்கு வெளிச்சத்தைக் கொட்டித்தான் ஆக வேண்டும். அந்தக் காலத்து வண்ணப் படங்களில் வெயில் அப்படிப் பளீரென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலை ஒன்பதரை மணி. சூரியன் அவளுக்கு இடப்பக்கம். ஐஎஸ்ஓ 100, எஃப் 13. முதல் பத்துப் படங்களிலும் கீழே மூன்றில் ஒரு பங்குக்கு பிளாஷே விழவில்லை. முகம் பளிச், இடுப்புக்குக் கீழே இருட்டு. ஷட்டரை 500இல் (1/500 நொடி) வைத்துவிட்டு, பிளாஷை இயக்கும் மலிவு விலை டிரிக்கரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வேகத்தில் பிளாஷ் அடிக்கும்போது ஷட்டர் முழுதாகத் திறந்திருக்காது. 200க்கு இறக்கியதும் சரியாகிவிட்டது. பிளாஷ் வெயிலை விட ஒரு ஸ்டாப் குறைவாக (பாதி வெளிச்சமாக) இருக்க வேண்டும். சமமாக வைத்தால் பாஸ்போர்ட் போட்டோ. சாதாரண ஸ்பீட்லைட்டைக் குடை இல்லாமல் நேராக அடித்தால் மூன்று நான்கு மீட்டர் வரை தாக்குப் பிடிக்கும். தெர்மாகோல் அட்டை போதாதா என்று கேட்பீர்கள். வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் நன்றாகத்தான் வந்தது, ஆனால் கண்ணில் கூசி அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தாள். கண்ணைச் சுருக்கினால் பின்-அப் இல்லை. புருவம் மேலே ஏற வேண்டும், ஏதோ மாட்டிக்கொண்டது போல ஒரு 'அய்யோ' முகம்.

எடிட்டிங் பத்து நிமிஷம். கர்வில் (வெளிச்சத்தையும் இருளையும் சரிசெய்யும் கோட்டில்) லேசான எஸ் வளைவு, கறுப்பைத் தூக்காமல். சிவப்புக்குக் கொஞ்சம் செறிவு, வானத்தை ஒரு படி ஆழமாக, இலைப் பச்சையைக் கொஞ்சம் மங்கலாக. கிரெயின் வேண்டவே வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் தலைமுடிக்கு மட்டும் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. முன்முடியைச் சுருட்டி நெற்றிக்கு மேலே நிறுத்தும் அந்த விக்டரி ரோல், முந்தின நாள் எண்ணெய் வைத்த தலையில் நிற்காது. இரண்டு முறை சரிந்த பிறகுதான் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். எந்த மென்பொருளும் இதைச் செய்து தராது. முடியும் உதட்டுச் சாயமும் சரியாக இருந்தால் படம் ஏற்கனவே பாதி முடிந்த மாதிரி.

எல்வ்கிரன் வழிதான் ஆசைப்பட்டு இறங்கி முழி பிதுங்கிய இடம். அவர் 1945 முதல் மினசோட்டாவின் பிரவுன் அண்ட் பிக்லோ என்ற காலண்டர் நிறுவனத்துக்குத் தீட்டினார். அங்கே அவருடைய பெண்கள், இங்கே கோவில்பட்டி கொண்டையராஜுவின் சாமிகள். இரண்டையும் வீட்டுச் சுவர் வரை கொண்டுபோனது காலண்டர்தான். எல்வ்கிரன் முதலில் மாடலைத் தானே போட்டோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெரியும். ஓவியத்தில் கால் நீண்டிருக்கும், இடுப்பு ஒடுங்கியிருக்கும், புருவம் இன்னும் மேலே போயிருக்கும். அந்தப் போட்டோவுக்கு ஃபில்டர் போட்டால் அந்த ஓவியம் வராது.

தோலைப் பிளாஸ்டிக் ஆக்குவதுதான் பொதுவான தவறு. அவருடைய தோல் வழவழப்பாகத் தெரிவதற்கு முக்கியமான காரணம் நிழலின் நிறம். நிழல் சாம்பலாக இருக்காது, ஆரஞ்சும் சிவப்பும் கலந்து சூடாக இருக்கும். ஆகவே பிளர் செய்வதை விட்டு, டாட்ஜ் அண்ட் பர்னில் (இடம் பார்த்து வெளுப்பதும் கருப்பதும்) மேடுபள்ளத்தைச் சமன் செய்து, நிழல்களுக்கு மட்டும் சாஃப்ட் லைட் லேயரில் இளம் ஆரஞ்சு பூசினேன், 15 சதவீதத்தில். பின்னணியைத் துடைத்து ஒரே வெளிர் நிறமாக்கினேன். இடுப்பை லிக்விஃபையில் (உருவத்தை இழுத்து மாற்றும் கருவி) ஒடுக்கலாமா? கேட்டேன். "தொட்டா கையை ஒடிச்சுடுவேன்" என்றாள். புருவத்தை மட்டும் ஏற்ற அனுமதி கிடைத்தது. மொத்தம் ஐந்தரை மணி நேரம். வெயில் படம் இல்லாமல் இதைத் தொடங்கவே முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நான் தீட்டியது மாடியில் எடுத்த அதே படத்தின் மேல்தான்.

கையில் ஒரே லைட்டும் ஒரு மாலை நேரமும்தான் இருக்கிறது என்றால் ஹரல். போஸ்டருக்கு, அழைப்பிதழுக்கு, வரைகலையில் கை பழகியவருக்கு எல்வ்கிரன். மற்ற எல்லாவற்றுக்கும் நான் மாடிக்குத்தான் போவேன்.

அவளோ மூன்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு, கறுப்பு வெள்ளைப் படத்தை வாட்ஸ்அப் டிபியாக வைத்துக்கொண்டாள். அதுவும் மேலே ஒரு செபியா ஃபில்டர் போட்டு.