பெட்ரோல் படகு வைத்திருப்பவர்களே, டேங்க் தலையில் இருக்கும் வால்வை ஒருமுறை பாருங்கள்

உள்ளேயே இன்ஜின் உள்ள பெட்ரோல் படகுக்காரர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். த்ராட்டிலைக் கூட்டினால் இன்ஜின் திணறுகிறது என்று ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். சரி செய்துவிட்டதாகச் சொல்லி முழுக் கூலியும் வாங்கிக்கொண்டார். படகும் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அதன்பின் இன்ஜின் மூடியைத் திறந்தாலே பெட்ரோல் வாடை. வேறொருவரை அழைத்துக் காட்டியதும்தான் விஷயம் வெளியே வந்தது: டேங்க்கில் இருந்த ஆன்டி சைஃபன் வால்வையே கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் பித்தளை நிப்பிளை (ஹோஸை மாட்டும் சின்னக் குழாய்த் துண்டு) மாட்டியிருக்கிறார் அந்த முதல் மெக்கானிக்!

அந்த வால்வுக்குள் ஒரு சின்னக் குண்டு, அதைத் தள்ளிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். பம்ப் உறிஞ்சும்போது மட்டும் குண்டு விலகி வழி விடும். இன்ஜின் நின்றதும் அடைத்துக்கொள்ளும். ஹோஸ் டேங்க் மட்டத்துக்குக் கீழே இறங்கிப் போகிற படகில் இதுதான் காவல். இது இல்லாமல் கீழே ஹோஸில் விரிசல் விட்டால், இன்ஜின் ஓடாவிட்டாலும் டேங்க்கில் உள்ளது தானாக இழுத்துக்கொண்டு படகின் அடியில் இறங்கிவிடும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே ஏறிக் கலையாமல் அங்கேயே தேங்கும். பிறகு ஒரு பொறி போதும்.

குண்டில் அழுக்கு சேர்ந்தால் பெட்ரோல் பத்தாமல் இன்ஜின் திணறத்தான் செய்யும். கழற்றிச் சுத்தம் செய்யலாம், முடியாவிட்டால் அதே அளவில் புதிது போடலாம். அவர் செய்தது வைத்தியம் அல்ல, அயோக்கியத்தனம்.

வாடைக்குக் காரணம் இன்னொன்று. கையால் மூடும் வால்வையும் மாற்றியிருந்தார், அதுவும் தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற பால் (பந்து) வால்வு. எதிலும் பொருத்தாமல் ஹோஸிலேயே தொங்கவிட்டதால், இன்ஜின் அதிர்வில் மரை இளகிக் கசிந்திருக்கிறது. மரையில் சுற்றிய டெஃப்லான் டேப்பின் நார் வேறு உள்ளே தொங்கியது. பிய்ந்து போனால் அடுத்த அடைப்பு அதுதான். டேப்புக்குப் பதிலாகப் பெட்ரோல் தாங்கும் பேஸ்ட்டை, முனை மரையை விட்டுவிட்டுத் தடவியிருக்க வேண்டும்.

கேட்டதற்கு, "வண்டி ஓடுதுல்ல, அப்புறம் என்ன?" என்றார். பணம் திரும்பவில்லை.

பெட்ரோல் லைனில் யார் கை வைத்தாலும் கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். ஹோஸின் மேல் ஏ1-15 அல்லது ஐஎஸ்ஓ 7840 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அவை நெருப்பில் இரண்டரை நிமிடம் தாங்கும் சோதனையில் தேறியவை. வாடை அடித்தால் சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள். மூடியைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரையும் படகிலிருந்து இறக்குங்கள்.