புது டயர் என்று சொல்லி 2019ஆம் ஆண்டு டயரை மாட்டிவிட்டார்கள்: 1,480 ரிங்கிட் போயிற்று

சனிக்கிழமை மாலை நாலரை மணிக்குத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. இன்று திங்கட்கிழமை இரவு. இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை. கோபம் தணியாமலேயே எழுதுகிறேன், சொல் எங்காவது கடுமையாக விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கார் வைத்திருந்து, டயர் மாற்றும் நேரமும் நெருங்கிவிட்டவர்கள் இதை முழுமையாகப் படிக்க வேண்டுகிறேன். எந்த டயரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

என்னுடையது மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ். பிறையிலிருந்து தீவிலுள்ள பாயான் லெப்பாசுக்கு வாரத்தில் ஆறு நாள் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய்வருகிறேன். முன்சக்கரங்களின் டயர்கள் இரண்டும், தேய்மானத்தைக் காட்ட டயரின் பள்ளங்களுக்கு அடியில் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் வைத்திருக்கும் அடையாள மேட்டைத் தொட்டுவிட்டன. பின்டயர்களும் அதிக நாள் தாங்காது என்று தோன்றியதால் நான்கையும் சேர்த்தே மாற்ற முடிவு செய்தேன். அளவு 195/65 ஆர் 15. இந்த அளவில் சந்தையில் டயர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஹைப்ரிட் காருக்கு வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அளவை மட்டுமல்ல. ஓடும் டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் நசுங்கி மீள்கிறது. அப்படி மீளும்போது ஆற்றலில் ஒரு பகுதி சூடாகி வீணாகிறது. அந்த இழப்பு குறைவாக உள்ள டயரைப் போட்டால்தான் பெட்ரோல் மிச்சமாகும். இழப்பைக் குறைக்கப் போய் மழையில் பிடிப்பு போய்விடக் கூடாது என்பதற்காகவே நல்ல தயாரிப்பாளர்கள் ரப்பரில் சிலிக்காவைச் சேர்க்கிறார்கள். தவிர, எஞ்சின் அணைந்து மோட்டாரில் மட்டும் கார் நகரும்போது டயரின் இரைச்சல் ஒன்றுதான் காதில் விழும். ஆகவே அமைதியான டயராகவும் இருக்க வேண்டும். இதையெல்லாம் இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தவன்தான் நான். படித்து என்ன பயன்?

சட்டையிலிருந்து சாம்பார்ப் பொடி வரை நாம் எல்லோரும் வாங்குகிற வகையைச் சேர்ந்த ஓர் இணையச் சந்தையில், நான் தேடிய ஜப்பானிய நிறுவனத்தின் எரிபொருள் சிக்கன டயர் இருந்தது. “2025 உற்பத்தி, ஹைப்ரிட் கார்களுக்கு ஏற்றது” என்று படத்தின் மேலேயே எழுதியிருந்தார்கள். நான்கு டயர், பொருத்தும் கூலி, பேலன்சிங், அலைன்மெண்ட் எல்லாம் சேர்த்து 1,480 ரிங்கிட். பக்கத்திலுள்ள கடைகளில் கேட்ட விலையைவிட ஏறத்தாழ இருநூறு ரிங்கிட் குறைவு. பணத்தைக் கட்டிவிட்டு, அவர்கள் குறித்துக் கொடுத்த பட்டறைக்கு மறுநாள் காலை போனேன்.

அங்கே முகப்பில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். நான் மலாயில் பேச ஆரம்பித்ததும், “அண்ணே, தமிழ்லயே பேசுங்க” என்றான். எந்த ஊர் என்று கேட்டான். பிறை என்றதும், தன் அம்மாயி வீடும் அங்கேதான் என்றான். குளிர்சாதன அறையில் உட்காரவைத்து மைலோ போட்டுக் கொடுத்தான். அந்த ஒரு குவளை மைலோவில் நான் விழுந்துவிட்டேன் என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

டயர்களைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்தபோது, படத்தில் பார்த்த பள்ள வரிகள் அவற்றில் இல்லை என்பது என் கண்ணில் பட்டது. நான் கேட்டிருந்த டயரில் உள்பக்க வரியும் வெளிப்பக்க வரியும் வேறுவேறாக இருக்கும். எந்தப் பக்கம் வெளியே வரவேண்டும் என்று டயரிலேயே அச்சிட்டிருப்பார்கள். வந்திருந்ததோ இரு பக்கமும் ஒரே மாதிரி வரியுள்ள டயர். கேட்டேன். “அந்த டிசைன் இப்ப வர்றதில்லண்ணே, இதுதான் அதோட புது மாடல், இதைவிட நல்லா மிச்சம் பிடிக்கும்” என்றான். நிறுவனத்தின் பெயர் சரியாக இருந்தது, அளவும் சரியாக இருந்தது. தலையாட்டினேன்.

அடுத்ததாக அவன் சொன்னது இது: “அண்ணே, ஆப்ல ‘பொருள் கிடைத்தது’ன்னு ஒரு பட்டன் இருக்கு பாருங்க, அதை அமுக்கினாதான் எங்க சிஸ்டம்ல வேலை திறக்கும்லா.” கார் அந்நேரம் ஜாக்கின் மேல் நின்றுகொண்டிருந்தது. சக்கரம் ஒன்றுகூடப் பூட்டப்படவில்லை. அந்தப் பட்டனை அமுக்கும்வரை பணம் இணையச் சந்தையிடம்தான் இருக்கும். நான் அமுக்கினேன். நான் கையில் குவளையோடு உட்கார்ந்திருக்கும்போதே 1,480 ரிங்கிட்டும் விற்றவன் கணக்குக்குப் போய்விட்டது.

முதல் வாரத்திலேயே ஏதோ சரியில்லை என்று தோன்றியது. லிட்டருக்கு 22 கிலோமீட்டர் காட்டிக்கொண்டிருந்த கார் 19க்கு இறங்கியது. பாலத்தின் மேல் எண்பதில் போகும்போது பின்பக்கம் ஒரு முனகல். புதுடயர் பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பத்தொன்பதாம் நாள், அதாவது சனிக்கிழமை, பின் இடது டயரில் ஆணி ஏறியது. வீட்டுக்குப் பக்கத்தில் சாலையோரமாக ஒரு சீனப் பெரியவர் வைத்திருக்கும் சின்ன டயர் கடைக்கு மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். அவர் சக்கரத்தைக் கழற்றித் தரையில் படுக்கப் போட்டு, காருக்கு உள்பக்கமாக இருந்த சுவரில் படிந்திருந்த பிரேக் தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார். நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண்கள்: 2219. “லாமா சுடா,” என்றார். பழசு. இருபத்திரண்டாவது வாரம், 2019ஆம் ஆண்டு. அதாவது மே மாதக் கடைசியில் செய்த டயர். மற்ற மூன்றையும் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். இரண்டில் அதே எண், ஒன்றில் 0820.

பல டயர்களில் தேதியுள்ள முழு எண் ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் இருக்கும். நான்கு சக்கரங்களிலும் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருக்கிறார்கள். ஒன்று தற்செயலாக இருக்கலாம், நான்குமா? வெளிப்பக்கம் இது என்று அச்சிட்ட டயராக இருந்தால் இப்படித் திருப்ப முடியாது என்பதும், வேறு வரியுள்ள டயரை எனக்கு ஏன் கொடுத்தார்கள் என்பதும் அப்போதுதான் உறைத்தது. பெரியவர் ஆணியைப் பிடுங்கி ஒட்டுப் போட்டுவிட்டுப் பன்னிரண்டு ரிங்கிட்தான் வாங்கினார்.

அன்று மாலையே அந்தப் பையனை அழைத்தேன். “நாங்க மாட்டிவிடறவங்க மட்டும்தாண்ணே, விக்கிறது வேற ஆளு” என்றான். அடுத்த அழைப்பை எடுக்கவில்லை. விற்றவருக்கு எழுதினேன். காற்றழுத்தத்தைச் சரிபார்க்கும்படியும், புதுடயரில் பெட்ரோல் செலவு கொஞ்சம் கூடுவது இயல்பே என்றும் பதில் வந்தது. அதில் பாதி உண்மை இருப்பதுதான் எரிச்சல்: தேய்ந்த டயரைவிடப் புதுடயர் சற்றுக் கூடுதலாகவே இழுக்கும். ஆனால் நான் கேட்டது தேதியைப் பற்றி. மறுபடி கேட்டதற்கு, கிடங்கில் பயன்படுத்தாமல் வைத்திருந்த டயர் புதுடயர்தான் என்றார்கள். பிறகு விளம்பரத்தில் 2025 என்று எதற்குப் போட்டார்கள்? இணையச் சந்தையின் உதவிப் பிரிவில் முதலில் ஓர் இயந்திரம் பேசியது, பிறகு மனிதர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் பேசினார். பொருள் கிடைத்ததாக நீங்களே உறுதி செய்துவிட்டீர்கள், திருப்பிக் கேட்கும் காலமும் முடிந்துவிட்டது என்று இருவரும் ஒரே வாசகத்தைச் சொன்னார்கள். உரையாடல் முடிந்ததும் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டார்கள். இன்று மதியம் வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பட்டறைக்கே போனேன். பையன் இல்லை. முதலாளி என் பின் இடது டயரைக் காலால் தட்டிப் பார்த்து, இது ஏற்கெனவே ஆணி ஏறிய டயர், இதை எப்படித் திரும்ப எடுப்பது என்று கேட்டார். 1,480 ரிங்கிட், ஐயா. என் மகளின் டியூஷன் கட்டணம் நான்கு மாதத்துக்கு ஆகும் தொகை அது.

விரிவாகச் சொல்கிறேன் என்று தொடங்கினேன்; இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. சக்கரத்தைப் பூட்டுவதற்கு முன் டயரின் இரண்டு பக்கமும் குனிந்து பாருங்கள், நான்கு இலக்க எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்ட டயர் வரவில்லையென்றால் கையில் இருப்பது மைலோவானாலும் கீழே வைத்துவிட்டு எழுந்து வாருங்கள். அலைன்மெண்ட் முடிந்து கார் தரையில் இறங்கும்வரை அந்தப் பட்டனைத் தொடாதீர்கள். ரசீதில் டயரின் முழுப் பெயரையும் உற்பத்தி வாரத்தையும் எழுதச் சொல்லுங்கள். என் ரசீதில் ‘டயர் 4’ என்று மட்டும்தான் இருக்கிறது.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க ஐந்து ரிங்கிட் கட்டினால் போதும், வழக்கறிஞர் வேண்டியதில்லை. முதல் படிவத்தை இறக்கி வைத்திருக்கிறேன். விளம்பரப் பக்கத்தை அவர்கள் நீக்குவதற்குள் படம் எடுத்துவிட்டேன். வேறு நான்கு டயர் வாங்க இம்மாதம் கையில் பணமில்லை. நாளைக் காலையும் இதே டயர்களில்தான் பாலம் ஏற வேண்டும், மழை பெய்தால் இடது ஓரமாக, அறுபதுக்கு மேல் போகாமல்.