பாளையங்கோட்டையில் ரீபாண்டிங்: கை சுத்தம், வாய்தான் சரியில்லை

பி.எஸ்சி. பிள்ளைகளுக்குப் புரத அமைப்பு பாடம் நடத்துகிறவள் நான். தலை நிறையச் சுருட்டைமுடி. அண்ணன் மகள் கல்யாணத்துக்காவது நேராகத் தொங்கட்டுமே என்று ரீபாண்டிங், அதாவது மருந்து போட்டு முடியை நேராக்குவது, செய்துகொள்ள வீட்டுப் பக்கத்துப் பார்லருக்குப் போனேன். 4,500 ரூபாய், ஐந்து மணி நேரம்.

வேலை செய்த பெண்ணுக்கு இருபது வயதிருந்தால் அதிகம். முதல் க்ரீமைத் தடவியதுமே அழுகிய முட்டை வாடை. "கொஞ்சம் பொறுத்துக்கோங்க மேடம்" என்றாள். முடி என்பதே கெரட்டின் என்ற புரதம்தான்; அதில் சிஸ்டீன் என்ற கந்தகமுள்ள அமினோ அமிலம் அதிகம். பக்கத்துப் பக்கத்துப் புரதச் சங்கிலிகளின் சிஸ்டீன்கள் கந்தகத்தோடு கந்தகம் கோத்துக்கொள்ளும் டைசல்பைடு பிணைப்புதான் சுருளை இறுக்கிப் பிடித்திருக்கிறது. க்ரீமில் இருக்கும் தயோகிளைகோலேட் அதை அறுத்துவிடும். கூடுதல் நேரம் விட்டால் முடியே கையோடு வந்துவிடும். அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒற்றை முடியை விரலில் சுற்றி மெல்ல இழுத்துப் பார்த்தாள். "இன்னும் சுருளுது மேடம், அஞ்சு நிமிஷம்." என் பாடப்புத்தகம் மூன்று பக்கத்தில் சொல்வது அந்த விரல் நுனிக்குத் தெரிந்திருக்கிறது!

அலசிக் காயவைத்து, கொத்துக் கொத்தாக அயர்ன் போட்டாள். நேராக நிற்கும்போதே நியூட்ரலைசர். அதிலுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு, பிரிந்த கந்தகங்களுக்குப் புது ஜோடி சேர்த்துவிடும். வீட்டு அயர்ன் மாற்றுவது தண்ணீர் பட்டாலே அவிழும் ஹைட்ரஜன் பிணைப்பைத்தான்; தாமிரபரணியில் ஒரு முங்கு போட்டால் பழைய சுருட்டை வந்து நிற்கும். இது எத்தனை குளியலுக்கும் அசையவில்லை. மறுவாரம் என் தலையைக் காட்டியே வகுப்பில் டைசல்பைடு நடத்தினேன்.

மனக்குறை பில் போடும் இடத்தில். 1,200 ரூபாய்க்குக் கெரட்டின் ஷாம்பூ. "முடிக்குள்ள போய் கெரட்டினை வளர்க்கும்" என்றார் முதலாளியம்மா. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடியில் உயிருள்ள செல்லே கிடையாது. கெரட்டின் உருவாவது தோலுக்கடியில், முடி முளைக்கும் வேர்ப்பையில். ஷாம்பூவிலிருக்கும் புரதத் துண்டுகள் மேலே படிந்து கொஞ்சம் மினுமினுப்பு தரும், அவ்வளவுதான். வேண்டாம் என்றதும் அந்தம்மா முகம் சுருங்கிவிட்டது.

இப்போது மூன்று மாதம். வகிட்டோரம் மூன்று சென்டிமீட்டர் போல சுருட்டை எட்டிப் பார்க்கிறது. அதற்குப் பார்லரைக் குறை சொல்ல முடியாது, வேர்ப்பையின் வளைவு அப்பத்தா வழி வந்தது. போகிறவர்கள் அந்தப் பெண் இருக்கிறாளா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். ஜன்னல் இல்லாத உள்ளறையில் மட்டும் உட்காராதீர்கள், வாடை தாங்காது.