வெள்ளத்துக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து: ஓர் உளவியல் ஆலோசனை மையத்தில் பன்னிரண்டு அமர்வுகள்

2024 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை சென்னை அண்ணா நகரில் உள்ள ஒரு தனியார் உளவியல் ஆலோசனை மையத்தில் பன்னிரண்டு அமர்வுகளுக்குச் சென்று வந்தேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாமல் தயங்கி நிற்பவர்களுக்கு, அந்த அறைக்குள் நடப்பதைச் சொல்வதே என் நோக்கம்.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அப்போது நாங்கள் ஜாபர்கான்பேட்டையில் அடையாற்றுக்கு அருகே தரைத்தளத்தில் குடியிருந்தோம். பக்கவாதத்தால் படுத்திருந்த அப்பாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்வீட்டுப் பையனும் நானும் மாடிக்குத் தூக்கிச் சென்றோம். பத்தொன்பது நாள் கழித்து நிமோனியாவில் அவர் காலமானார். அதன் பிறகு வீடு மாறினேன், வேலைக்குப் போனேன், மகளுக்குத் திருமணம் செய்தேன். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஆனால், தகரக் கூரையில் மழை விழும் ஓசை கேட்டால் உள்ளங்கை வியர்க்கும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து வாசற்படியைத் தொட்டுப் பார்ப்பேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மூன்று இரவுகள் உறங்காமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று என் மனைவிதான் முடிவு செய்தார். அண்ணனோ, 'கீழ்ப்பாக்கம் கேஸ் ஆகிவிட்டாயா?' என்று சிரித்தார். அரசு மனநலக் காப்பகம் கீழ்ப்பாக்கத்தில் இருப்பதால், சென்னையில் இரண்டு தலைமுறையாக அந்த ஊரின் பெயரே வசவாக இருந்து வருகிறது; அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஆலோசகர் என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் என்பதற்கான சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்தது. யார் வேண்டுமானாலும் 'கவுன்சிலர்' என்று பலகை வைத்துக்கொள்கிற ஊரில், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். முதல் இரண்டு அமர்வுகள் கேள்விகளிலும், மூச்சை நிதானப்படுத்தும் பயிற்சியிலும், இந்தச் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கத்திலும் கழிந்தன. 'ப்ரொலாங்டு எக்ஸ்போஷர்' என்ற இந்த முறையை உருவாக்கியவர் எட்னா ஃபோவா என்னும் உளவியலாளர். நடந்ததை நினைவூட்டும் எல்லாவற்றையும் தவிர்த்துக்கொண்டே இருந்தால், ஆபத்து முடிந்துவிட்டது என்பதைக் கற்றுக்கொள்ள மனத்துக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை; பாதுகாப்பான இடத்தில் அந்த நினைவை மீண்டும் மீண்டும் முழுமையாக எதிர்கொள்ளும்போது அச்சம் சிறிது சிறிதாகத் தணிகிறது என்பதே இதன் அடிப்படை.

மூன்றாவது அமர்வில் தொடங்கியதுதான் உண்மையான வேலை. கண்களை மூடிக்கொண்டு, அந்த இரவை இப்போது நடப்பது போல, நிகழ்காலத்தில் சொல்லச் சொன்னார். தண்ணீர் வாசலைத் தாண்டுகிறது, கேஸ் சிலிண்டர் மிதக்கிறது, அப்பாவை நாற்காலியில் உட்காரவைக்கிறோம், மாடியில் இருக்கிறோம் என்று சொல்லி முடித்தேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'நாற்காலியிலிருந்து மாடிக்கு எப்படிப் போனீர்கள், சார்? நடுவில் படிகள் இருக்கின்றனவே' என்று கேட்டார். ஒன்பது ஆண்டுகளாக நான் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்த இடம் அது. மூன்றாம் படியில் என் கை வழுக்கி, அப்பாவின் கால்கள் தண்ணீருக்குள் போயின. 'என்னை விட்டுட்டுப் போடா' என்று அவர் சொன்னார். மனைவியிடம்கூடச் சொல்லாத இந்த வார்த்தையை அன்றுதான் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்து நாள்தோறும் வீட்டில் கேட்க வேண்டும். பதற்றத்தைப் பூஜ்யம் முதல் நூறு வரை மதிப்பிட்டு ஒரு தாளில் எழுத வேண்டும். முதல் வாரம் 95. இது ஆறுதல் தேடிப் போகிற இடமன்று. நான்காவது, ஐந்தாவது அமர்வுகளுக்குப் பின் என் நிலை முன்பைவிட மோசமாகத்தான் இருந்தது, நிறுத்திவிடலாம் என்றே நினைத்தேன். அப்படித் தோன்றக்கூடும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தொடர்ந்தேன். எட்டாவது அமர்வில் எண் 40 ஆனது. அதே கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கே சற்று அலுப்புத் தட்டியது. அந்த அலுப்பு தட்டியதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது.

ஏழு மணிக்கே அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும் என்ற குற்ற உணர்வைப் பற்றியும் பேசினோம். 'உங்கள் தவறில்லை' என்று உறவினர்கள் நூறு முறை சொல்லிவிட்டார்கள். ஆலோசகர் அதைச் சொல்லவே இல்லை. 'அன்று ஏழு மணிக்கு உங்களுக்கு என்ன தெரியும்?' என்று மட்டும் கேட்டு, என்னையே பட்டியலிடச் சொன்னார். மின்சாரம் இல்லை, தொலைபேசி வேலை செய்யவில்லை, தெருவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். பட்டியல் அவ்வளவுதான். அதை இன்னும் என் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

குறைகள் உண்டு. வரவேற்பறையில் நாலு பேர் எதிரே முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இரண்டு அறைகளுக்கு இடையே இருப்பது பிளைவுட் தடுப்பு. பக்கத்து அறையில் ஒருவர் அழுவது எனக்குக் கேட்டது என்றால், நான் அழுததும் அவருக்குக் கேட்டிருக்கும். அமர்வு முழுக்கத் தமிழில் நடந்தாலும், படிவங்களும் வீட்டுப்பாடத் தாள்களும் ஆங்கிலத்தில்தான் உள்ளன. என் போன்றவர்கள் சமாளித்துவிடலாம். என் அம்மா வந்திருந்தால் என்ன செய்வார்?

தொண்ணூறு நிமிட அமர்வுக்கு 2,000 ரூபாய் வீதம் மொத்தம் 24,000 ரூபாய் செலவானது. மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமான காப்பீடு வேண்டும் என்கிறது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம். ஆனால், என் காப்பீட்டில் புறநோயாளிச் செலவே கிடையாது என்பதால் ஒரு ரூபாய்கூடத் திரும்ப வரவில்லை. இவ்வளவு செலவழிக்க இயலாதவர்கள், அண்ணன் கேலி செய்த அதே கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளிப் பிரிவுக்குத் தயங்காமல் செல்லலாம். எங்கே போவது என்றே தெரியாதவர்கள் அரசின் தொலைபேசி மனநல உதவியான 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். பதிவைக் கேட்கும் பயிற்சியை மட்டும் யாரும் ஆலோசகரின் துணையின்றித் தாமாகச் செய்து பார்க்க வேண்டாம்.

சனிக்கிழமை மாலை அமர்வு வேண்டுமானால் இரண்டு வாரம் காத்திருக்க நேரும். மையம் இருக்கும் தெருவில் ஒரு மழைக்கே தண்ணீர் தேங்கிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபர் நடுவில், வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை வரிசையாக நிறுத்திவைத்த அந்த வாரத்தில்தான் என் ஒன்பதாவது அமர்வு. கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, கணுக்காலுக்கு மேல் நின்ற தண்ணீரில் நடந்து போய்ச் சேர்ந்தேன். ஆலோசகர் என் நனைந்த கால்களைப் பார்த்துவிட்டுப் பதற்றத்தின் எண்ணைக் கேட்டார். 'ஐம்பது இருக்கும், மேடம்' என்றேன். அதையும் அந்த வாரத்துப் பயிற்சிக் கணக்கில் எழுதிக்கொண்டார்.