மீன் ஸ்ட்ரீட்ஸ்: 2007ல வாங்கின டிவிடி, இன்னும் ஓடுது

கொழும்பு புறக்கோட்டையில ஒரு சின்னக் கடையில வாங்கினது, கொப்பிதான், கவர்ல நடிகர் ரொபர்ட் டி நீரோட மூஞ்சி இருந்துச்சு அதுக்காகவே எடுத்தேன். மீன்னா இங்க இங்கிலீஷ் mean, பொல்லாத தெருக்கள்னு அர்த்தம், ஆனா வீட்ல பேரச் சொன்னதும் அம்மா "என்னடா, மீன் கடைத் தெருவப் பத்தின படமா?"ன்னு கேட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்ல அது மீன்காரன் படம்தான்.

1973ல மார்ட்டின் ஸ்கார்செஸி எடுத்தது. கேங்ஸ்டர் படம்னு நம்பி உக்காந்தா ஏமாந்துதான் எழும்புவீங்க. நியூயார்க் லிட்டில் இத்தாலி, நாலு கூட்டாளிமார், ஒரு பார், வட்டிக் கடன், அவ்வளவுதான். சார்லிட மாமா மாஃபியாவுல பெரிய கை, அவருக்கு வசூல் பண்ணிக் குடுத்துக்கிட்டு ஒரு ரெஸ்டோரன்ட் தன் கைக்கு வரும்னு பாத்துக்கிட்டு இருக்கான் சார்லி. அவன்ட கூட்டாளி ஜொனி பாய் (டி நீரோ) ஊரெல்லாம் கடன் வாங்கிட்டு ஒருத்தனுக்கும் குடுக்காம சுத்துறான், சார்லி அவனுக்காக எல்லார்கிட்டயும் தவணை கேக்குறான்.

நான் கொட்டாஞ்சேனை, கத்தோலிக்க வீடு, சின்ன வயசுல செவ்வாய்க்கிழமைன்னா கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்தான். அதனால சார்லி சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் முடிச்சு வந்து, பரிகாரமாச் சொல்லச் சொல்ற பத்து அருள் நிறைந்த மரியே, பத்து பரலோக மந்திரம் எல்லாம் வெறும் வார்த்தைதானேன்னு சலிச்சிக்கிட்டு, எரியுற மெழுகுதிரியில விரல நீட்டிப் பாக்குற இடம் என்னைய அப்படியே புடிச்சிருச்சு. பாவத்துக்குப் பரிகாரம் கோயில்ல இல்ல தெருவுலயும் வீட்லயும்தான்னு தொடக்கத்துல கறுப்புத் திரையில ஒரு குரல் வரும், அது ஸ்கார்செஸிட சொந்தக் குரல். (நானும் ஒருக்கா கொச்சிக்கடையில விரல நீட்டிப் பாத்தேன், பக்கத்துல நின்ன ஆன்ட்டி கையில ஒண்ணு போட்டாங்க.)

முதல் கொஞ்ச வருஷம் எனக்கு ஜொனி பாய்தான் ஹீரோ. பிறகு 2014ல ஒரு கூட்டாளிட த்ரீவீல் லீசிங்குக்கு பிணை நின்னேன், நாலாவது மாசமே அவன் கட்டுறத நிப்பாட்டிட்டான், கோல் எல்லாம் எனக்கு வருது, கேட்டா "மச்சான் அடுத்த கிழமை"ம்பான், பதினொரு மாசம் நான்தான் கட்டினேன். அந்த நேரம் படத்தப் போட்டா முழுசா சார்லி பக்கம் சாஞ்சிட்டேன், பாவம் மனுசன் எவ்வளவு தாங்குறான்னு.

இப்ப அப்படித் தோணல. சார்லி ஜொனியக் காப்பாத்தல, தன்ட பரிகாரத்துக்கு ஜொனிய வச்சிருக்கான். மாமாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா கடன் பிரச்சினை முடிஞ்சிரும், சொல்ல மாட்டான், ஏன்னா சொன்னா ரெஸ்டோரன்ட் கைய விட்டுப் போயிரும்னு பயம். ஜொனிட சொந்தக்காரப் பொண்ணு தெரேசா, அவ கூடப் பழகுறதையும் மறைக்கிறான். பிரான்சிஸ் அசிசியார்தான் சரியா வாழ்ந்தாருன்னு அவகிட்ட சொல்லுவான், அவரு ஒண்ணும் சூது நடத்தலையேன்னு அவ ஒரே போடா போடுவா. நானும் கையெழுத்து வைக்கக்குள்ள இவனால கட்ட ஏலுமான்னு ஒருக்காவும் கேக்கல, நல்லவன்னு பேரு எடுக்கத்தான் வச்சேன்.

குறை சொல்லணும்னா, இடையில கதை அலையும், பார்ல உக்காந்து பேசிக்கிட்டே இருப்பாங்க, என்ட கொப்பியில சப்டைட்டில் வேற பிந்தித்தான் வரும். கடைசியில இன்னொரு கார்ல இருந்து இவங்களச் சுடுறவன் ஸ்கார்செஸிதான்னு எனக்குத் தெரியவே பல வருஷம் ஆச்சு.

டிஸ்க்குல அக்காட மகன் போட்ட கீறல் ஒண்ணு இருக்கு. தெரேசாவுக்கு வலிப்பு வந்து படிக்கட்டுல விழுந்து கிடக்கா, ஜொனி நழுவிட்டான், சார்லி அவளத் தாங்கிப் பிடிச்சிருக்கான். அங்க சரியா மூணு செகண்ட் இறுகி நிக்கும். பிறகு திரும்ப ஓடும், பக்கத்து வீட்டு அம்மாகிட்ட அவள விட்டுட்டு அவன் ஜொனிக்குப் பின்னால போயிருவான்.