நாலு வருஷம் உக்காந்த மெஷ் சேரும் அந்த ஆர்ம்ரெஸ்ட்டும்

போன வாரம் சேரோட ஹைட்ராலிக், அதாவது சீட்ட ஏத்தி இறக்கற அடித்தண்டு, மாத்துனேன், அதப் பாத்துட்டு பக்கத்து சீட்டுப் பொண்ணு "அக்கா, இதே சேர் நானும் வாங்கட்டுமா"ன்னு கேட்டா, ஒரு வரில பதில் சொல்ல முடியல.

ஹைட்ராலிக் போனது ஒரே நாள்ல தெரியல. காலைல முழங்கை மேஜை மட்டத்துக்கு வர்ற மாதிரி ஏத்தி வச்சா மதியத்துக்குள்ள ரெண்டு விரல் இறங்கியிருக்கும், நான் கவனிக்கவே இல்ல, தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறியே டைப் பண்ணிட்டு இருந்திருக்கேன். மூணு வாரம் கழுத்து வலி. மாத்துன நாலாம் நாளே வலி கொறஞ்சுது. நாமதான் ஹைட்ராலிக்னு சொல்றோம், உள்ள இருக்கறது அழுத்தி அடைச்ச நைட்ரஜன், தயவுசெஞ்சு யாரும் அதப் பிரிக்காதீங்க, முழுசா மாத்துங்க.

மெஷ், அதான் அந்த வலைத்துணி, இன்னும் தொய்யல, முதுகு வேர்க்காது. ஒட்டி உக்காந்தா முழங்காலுக்குப் பின்னாடி ரெண்டு மூணு விரல் இடம் இருக்கு, கீழ்முதுகத் தாங்கற லம்பார் சப்போர்ட் இடுப்பு வளைவுல கச்சிதமா உக்காரும்.

ஆனா அப்படி உக்காரணும்னா சேர் மேஜைக்கு அடியில போகணும்ல! அந்த ஆர்ம்ரெஸ்ட் எவ்வளவு இறக்குனாலும் மேஜை விளிம்புல இடிக்கும், இடிச்சா நாமதான் முன்னாடி குனியணும், குனிஞ்சா முதுகு லம்பார் சப்போர்ட்ட தொடவே தொடாது. எதுக்காக அவ்வளவு காசு குடுத்தோமோ அதுவே வேஸ்ட். சேர ஏத்தி ஆர்ம்ரெஸ்ட்ட மேஜைக்கு மேல கொண்டு போனா கால் தரையில படாது, சீட் விளிம்பு தொடைய அழுத்தி மரத்துப் போகும். டெய்லி இடிச்சு இடிச்சு முன்பக்க ரப்பர் பிஞ்சு உள்ள பிளாஸ்டிக் தெரியுது. கம்பெனிக்கு மெயில் போட்டா மேஜை உயரத்த மாத்திப் பாருங்கன்னு பதில் வருது, ஆபிஸ் மேஜைல நான் எப்படிங்க கை வைக்கறது?

ஹைட்ராலிக் மாத்த சேரக் கவுத்தப்பதான் பாத்தேன், ஆர்ம்ரெஸ்ட் பக்கத்துக்கு மூணே போல்ட். ஆலன் கீ போட்டு ரெண்டு ஆர்ம்ரெஸ்ட்டையும் கழட்டிட்டேன். சேர் முழுசா உள்ள போச்சு, முதுகு பின்னாடி பதிஞ்சுது, முன்கைய மேஜை மேலயே வச்சுக்கறேன், அன்னிக்கு சாயங்காலம் முதுகு வலியே இல்லாம எந்திரிச்சப்ப அழுகையே வந்துடுச்சு. எந்திரிக்கும்போது பிடிக்க ஒண்ணும் இல்லைங்கறது மட்டும் குறை.

அவகிட்ட சொன்னது இதுதான்: வாங்காதம்மா. நல்ல சேர்தான், நான் இத மாத்தப் போறதில்ல, ஆனா நீ வாங்காத. எத வாங்குனாலும் முதல்ல மேஜைக்கு அடியில எவ்வளவு உயரம் இருக்குன்னு டேப் வச்சு அள, ஆர்ம்ரெஸ்ட் அதுக்குக் கீழ இறங்குதான்னு கேட்டுட்டு அப்புறம் காசக் குடு.